வலச்சுற்றா, இடச்சுற்றா? எம்டிபி (மலைச் சைக்கிள்) சுற்றுப்பாதைக்குத் திசை தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற பாதையில் எந்தப் பக்கமாகப் போனாலும் மொத்த ஏற்றம் ஒன்றுதான், மொத்த இறக்கமும் ஒன்றுதான். பிறகு திசையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. கஷ்டமான ஒவ்வொரு இடத்தையும் எத்தனை மணிக்கு, எந்த வேகத்தில், உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கும்போது சந்திக்கப் போகிறீர்கள் என்பதைத் திசைதான் முடிவு செய்கிறது. அதனால் சராசரியைப் பார்க்க வேண்டாம். பாதையில் இருக்கிற மோசமான இரண்டு மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். அவை எந்தப் பக்கமிருந்து போனால் சாதுவாக இருக்கின்றனவோ, அந்தப் பக்கம் போங்கள்.

கோயிலை வலம் வருவதுபோல நடுவில் இருப்பதை வலக்கைப் பக்கம் வைத்துப் போவதை இங்கே வலச்சுற்று என்கிறேன். அதற்கு எதிர்ப்பக்கம் இடச்சுற்று. திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நமக்கு இருக்கிறது.

உதாரணத்துக்குச் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். கேளம்பாக்கத்தில் வண்டலூர் சாலைப் பக்கம் கிளம்பி, தையூர் ஏரிப் பக்கத்து மண்பாதைகள், அங்கிருந்து ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) தெற்கே திருப்போரூர், கிழக்கே திரும்பி நெம்மேலி, ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வடக்கே கோவளம், உப்பளங்களைத் தாண்டி மறுபடி கேளம்பாக்கம். சுமாராக 30 கி.மீ. மண்பாதையில் சுற்றுவதைப் பொறுத்துக் கூடும். நான் சொன்ன வரிசை இடச்சுற்று. இதையே திருப்பிப் போட்டால் வலச்சுற்று.

படி 1: பாதையைத் துண்டு போடுங்கள்

வரைபடத்தில் பாதையைப் போட்டு ஆறேழு துண்டாக வெட்டுங்கள். தரை மாறும் இடம், திசை மாறும் இடம், பெரிய சாலையைத் தொடும் இடம், இந்த மூன்றும்தான் வெட்டும் இடங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், தரை, எந்தத் திசையை நோக்கிப் போகிறது, எத்தனை மணிக்கு அங்கே இருப்பீர்கள் என்று எழுதுங்கள். நேரத்தை இரண்டு சுற்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இதைச் செய்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

செயற்கைக்கோள் படத்தில் மண்பாதையா தார்ச்சாலையா என்பது தெரியும். சேறா மணலா என்பது தெரியாது. சைக்கிள் ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப் எந்தப் பாதையில் ஆட்கள் போகிறார்கள் என்று காட்டுமே தவிர, எந்தத் திசையில் என்று காட்டாது. ஆனால் அதிலுள்ள செக்மென்ட்களுக்கு (நேரம் ஒப்பிடக் குறித்துவைத்த பாதைத் துண்டுகள்) திசை உண்டு. ஒரே பாதையில் இரண்டு திசைக்கும் செக்மென்ட் இருந்தால், எதில் அதிகம் பேர் ஓட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பக்கம் நூற்றுக்கணக்கிலும் மறுபக்கம் பத்துப் பதினைந்தும் இருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும்.

படி 2: எந்த இடம் உங்களைத் திருப்பி அனுப்பும்?

ஏரிக்கரைப் பாதையில் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் வரும். மார்ச்சில் அது வெறும் சிமென்ட் தளம், ஒரு மிதியில் தாண்டிவிடலாம். நவம்பரில் ஏரி நிரம்பி வழியும்போது கதையே வேறு. தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருக்கும், பார்க்கப் பயமாகவும் இருக்காது. ஆனால் அடியில் பச்சைப் பாசி படிந்திருக்கும். முன் சக்கரம் பாசியில் ஏறிய கணம் பக்கவாட்டில் வழுக்கும், கீழே விழுகிற பக்கம் தண்ணீர் கொட்டுகிற பக்கமாக இருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டி இழுக்கிறது என்றால் தள்ளிக்கொண்டும் போக வேண்டாம்.

இப்படி "போக முடியுமா முடியாதா" என்று வீட்டிலிருந்தே சொல்ல முடியாத இடம் எந்தச் சுற்றிலும் ஒன்றாவது இருக்கும். கலங்கல், புதிதாகப் பூட்டிய கேட், பாலத்துக்காகத் தோண்டிப் போட்ட பள்ளம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அந்த இடம் சுற்றின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வரும்படி திசையை வையுங்கள். மூன்றாவது கிலோமீட்டரில் திரும்பினால் மூன்று கிலோமீட்டர்தான் நஷ்டம். இருபத்தேழாவது கிலோமீட்டரில் திரும்பினால் முழுச் சுற்றையும் வெயிலில் மறுபடி ஓட்ட வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. பக்கத்திலேயே மாற்று வழி இருந்தால் அந்த இடத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டாம். தையூர்ப் பக்கம் கரைப்பாதை அடைத்திருந்தால் ஓ.எம்.ஆருக்கு வந்து நேராகக் கேளம்பாக்கம் போய்விடலாம். அது முதலில் வந்தாலும் சரி, கடைசியில் வந்தாலும் சரி.

படி 3: வலப்பக்கத் திருப்பங்களை எண்ணுங்கள்

மலைப்பாதை பற்றி எழுதுகிற வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சென்னையில் எனக்கு இதுதான் முதல் கேள்வி. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடச்சுற்றில் பெரும்பாலான திருப்பங்கள் இடப்பக்கமே வரும், ஓரத்தோடு ஒட்டித் திரும்பிவிடலாம். வலச்சுற்றில் ஒவ்வொரு சந்திப்பிலும் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும்.

நம் சுற்றில் பாருங்கள். இடச்சுற்றில் முக்கியமான வலத்திருப்பம் ஒன்றே ஒன்று. ஏரி ஓ.எம்.ஆருக்கு மேற்கே இருப்பதால், அங்கிருந்து வெளியே வந்து தெற்கே திரும்பும் இடம் அது. அதுவும் விடிகாலையில் வந்துவிடும், சாலை காலியாக இருக்கும். திருப்போரூர், நெம்மேலி, கோவளம் மூன்றும் இடத்திருப்பங்கள். வலச்சுற்றில் இதே மூன்றும் வலத்திருப்பங்களாகிவிடும். கோவளத்தில் ஈ.சி.ஆரில் ஏறும்போது ஒன்று, நெம்மேலியில் ஈ.சி.ஆரை விட்டு விலகும்போது ஒன்று, திருப்போரூரில் ஓ.எம்.ஆரில் வடக்கே சேரும்போது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் போகிற கார்கள் என்ன வேகத்தில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேளம்பாக்கத்தில் ஓ.எம்.ஆரைக் கடப்பது இரண்டிலும் உண்டு, அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வலத்திருப்பம் தவிர்க்க முடியாதது என்றால் கௌரவம் பார்க்காமல் இடது ஓரத்தில் நின்று, இறங்கி, நடந்து கடங்கள்.

படி 4: காற்று

தட்டையான ஊரில் காற்றுதான் மலை. ஏற்றமாவது போன வாரம் இருந்த இடத்திலேயே இந்த வாரமும் இருக்கும். காற்று நேரத்துக்கு நேரம் இடம் மாறும்.

முதலில் ஒரு தப்புக் கணக்கைச் சரி செய்துகொள்வோம். "போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, எல்லாம் நேராகிவிடும்" என்பார்கள். நேராகாது. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கி.மீ. போகிறவர் 10 கி.மீ. போய் 10 கி.மீ. வர ஒரு மணி நேரம். எதிர்க்காற்றில் 15, பின்காற்றில் 25 என்று வைத்தால் போக 40 நிமிடம், வர 24 நிமிடம், மொத்தம் 64. எதிர்க்காற்று பிடுங்குவதைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. நேரக்கணக்கு இவ்வளவுதான். பின்காற்றில் போனதைவிட எதிர்க்காற்றில் 16 நிமிடம் கூடுதலாகப் பெடலை அழுத்திக்கொண்டிருந்த தொடைக்கு இது வேறு கணக்கு.

ஆகவே காற்றைத் தவிர்க்க முடியாது. எதிர்க்காற்றுத் துண்டு எங்கே, எப்போது வரட்டும் என்பதை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம். காற்று இன்னும் எழாத நேரத்தில் வரட்டும், அல்லது கட்டடமும் மரமும் மறைக்கிற சாலையில் வரட்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் கடலோரம் தெற்கிலிருந்து காற்று வரும். விடியலில் இலை அசையாது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். அப்போது இடச்சுற்றுதான். காற்று எழுவதற்கு முன்பே ஓ.எம்.ஆரில் தெற்கே போய்விடலாம், ஈ.சி.ஆரில் வடக்கே திரும்பும்போது முதுகில் காற்று. இதில் ஒரு சங்கடம் உண்டு. பின்காற்றின் வேகத்திலேயே நாமும் போனால் உடம்பில் காற்றே படாது. வேர்வை ஆறாது. மே மாதம் ஒன்பது மணிக்கு ஈ.சி.ஆரில் சுகமாகப் பெடல் சுற்றிக்கொண்டே தலை கிறுகிறுத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேகம் வருகிறதே என்று மயங்காமல் நெம்மேலியிலேயே ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். வழியில் இளநீர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜூன், ஜூலையில் காலை நேரத்தில் மேற்குக் காற்று. கடற்காற்று உள்ளே வரப் பிற்பகல்கூட ஆகும். கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு மேற்கு நோக்கி வரும் துண்டு சின்னதுதான். ஆனால் இருபக்கமும் காயலும் உப்பளமும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இடச்சுற்றில் அது கடைசியில், களைத்துப்போன நேரத்தில் எதிர்க்காற்றாக வரும். தூரம் குறைவு என்பதால் நான் பொறுத்துக்கொள்வேன். இதற்காக மூன்று வலத்திருப்பங்களை வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடை. வடகிழக்கிலிருந்து வரும், விடிகாலையிலும் ஓயாது. இடச்சுற்றில் ஈ.சி.ஆர். முழுக்க நெற்றியில் அடிக்கும். வலச்சுற்றில் ஈ.சி.ஆரில் தெற்கே போகும்போது தள்ளிவிடும், நெம்மேலியிலிருந்து திருப்போரூருக்கு மேற்கே போகும்போதும் தோளுக்குப் பின்னாலிருந்து வரும். எதிர்க்காற்று பெரும்பாலும் ஓ.எம்.ஆரில்தான். அங்கே கட்டடங்கள் ஓரளவு மறைக்கும். காற்று மட்டும் தீர்ப்புச் சொன்னால் இந்த மாதங்களில் வலச்சுற்று. ஆனால் திருப்பங்கள் எதிர்வாக்குப் போடுகின்றன. ஐந்தரைக்குள் கிளம்பி, கோவளம் சந்திப்பை ஆறு மணிக்கு முன் தாண்ட முடிகிறவர்கள் வலச்சுற்றுப் போகலாம். ஏழு மணிக்குக் கண் கசக்கிக்கொண்டு வருகிற குழு வாடையைத் தின்றுகொண்டே இடச்சுற்றுப் போவதுதான் நல்லது.

முந்தைய இரவு பார்க்கும் காற்று முன்னறிவிப்பில் ஒரே ஒரு நேரத்தைப் பார்க்காதீர்கள். ஆறு, எட்டு, பத்து மூன்றையும் பாருங்கள்.

படி 5: சூரியன்

சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5.45-க்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில்தான். உதித்த முதல் முக்கால் மணி நேரம் கிழக்கு நோக்கிய சாலை எதுவும் ஆபத்து. உங்கள் கண் கூசுவது பெரிய விஷயமில்லை. பின்னால் வருகிற தண்ணீர் லாரி ஓட்டுநருக்கும் அதே சூரியன் கண்ணில் அடிக்கிறது, அவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். இடச்சுற்றில் திருப்போரூர்–நெம்மேலி சாலை இந்த வலையில் மாட்டும். அங்கே இருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டு, சூரியன் கீழே இருக்கும் நேரமானால் திருப்போரூரில் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள். பகலானாலும் பின் விளக்கு எரியட்டும்.

படி 6: களிமண், மணல், முள், நாய்

களிமண் கடைசியில் வரட்டும். மழை பெய்த மறுநாள் கரைப்பாதையில் பால்காரரின் வண்டித் தடம் இரண்டு கோடாக இருக்கும். அதை விட்டு விலகினால் மண் டயரில் சுற்றிக்கொண்டு, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, சக்கரமே நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு அடுத்த இருபது கிலோமீட்டரை அந்த மண்ணோடு ஓட்டினால் செயினும் டெரெய்லரும் (கியர் மாற்றும் கருவி) அரைபடும். கடைசியில் வந்தால் நேரே வீட்டுக்குப் போய்க் கழுவலாம். காலை வெயில் இரண்டு மணி நேரம் காய்ந்திருந்தால் மேல்மண்ணும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

மணலுக்கு விதி நேர் எதிர். சவுக்குத் தோப்பு மணலில் வேகத்தோடு நுழைந்தால்தான் வெளியே வர முடியும். இறக்கத்திலிருந்தோ பின்காற்றோடோ நுழைகிற திசையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றத்தில் மணல் என்றால் தள்ளத்தான் வேண்டும்.

சீமைக்கருவேல முள் பாதை எந்தத் திசையிலும் சீமைக்கருவேல முள் பாதைதான். வித்தியாசம் பஞ்சரான பிறகுதான் தெரியும். முள் உடனே காற்றை இறக்காது, குத்தி அடைத்துக்கொண்டு அரைமணி நேரம் மெதுவாகக் கசியும். முள் பகுதி முடிந்ததும் ஊர் வருகிற திசையாக இருந்தால் பிழைத்தீர்கள். பஞ்சர் கடை இருந்தால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால் கடைக்காரரின் காற்றுக்குழாய் பொருந்தாது. அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

நாய்கள் கூட்டமாக இருக்கிற தெருமுனை எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும். அதை இறக்கத்திலோ பின்காற்றிலோ தாண்டுகிற மாதிரி வைத்தால் நல்லது. இதற்காக மட்டும் திசையை மாற்ற வேண்டாம்.

படி 7: நிஜ மலை என்றால்

ஜவ்வாது மலைக்கோ நீலகிரிக்கோ போகும்போது கேள்வி மாறுகிறது. பொதுவான வழக்கம், சாய்வு குறைந்த பக்கம் ஏறி, செங்குத்தான பக்கம் இறங்குவது. காரணம் வெறும் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. முன்னால் 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 42 பல், 29 அங்குலச் சக்கரம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 6.3 கி.மீ. அதைவிடக் குறைந்தால் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். இந்த வேகத்தில் மண்பாதையில் 6 சதவீத ஏற்றத்துக்குச் சுமார் 130 வாட் வேண்டும். 12 சதவீதத்துக்குச் சுமார் 225 வாட். முன்னதை ஓரளவு பழகியவர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பார், பின்னதில் பத்து நிமிடத்தில் இறங்கித் தள்ளுவார். அதுவும் ஜல்லி பெயர்ந்த பாதையானால் பின்சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும்.

ஆனால் இறக்கத்துக்கும் விலை உண்டு. அதே 90 கிலோ 100 மீட்டர் இறங்கும்போது கிட்டத்தட்ட 88 கிலோ ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. செங்குத்தான பாதையில் மெதுவாக இறங்கினால் அநேகமாக அத்தனையும் பிரேக் டிஸ்கில்தான் இறங்கும். கேபிள் பிரேக்கும் தேய்ந்த பேடும் வைத்திருப்பவர், இறக்கத்துக்குப் புதியவர், இருவரும் வழக்கத்தைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். செங்குத்தான பக்கம் தள்ளிக்கொண்டே ஏறி, சாய்வு குறைந்த பக்கம் இறங்கட்டும். பார்ப்பவர் சிரிக்கலாம். அரை அடிப் பாறைப் படியை இறங்கத் தெரியாதவருக்கு அதை ஏறி வருவது வெறும் தூக்கிவைப்புத்தான், விழுவதற்கு அங்கே வேகம் இல்லை.

நம் மாநிலத்திலேயே திசையைச் சட்டம் முடிவு செய்த இடம் ஒன்று இருக்கிறது. ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் பிடிக்காமல் விபத்துகள் நடந்ததால் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை, ஏறலாம். ஊட்டி–கூடலூர்–மசினகுடி–ஊட்டி என்று சுற்ற நினைத்தால், கூடலூர்ப் பக்கம் இறங்கி கல்லட்டியில் ஏறுவதுதான் அந்த விதியோடு ஒத்துப்போகும் திசை. நடுவில் முதுமலைப் புலிகள் காப்பகம், யானைகள் நடமாடும் இடம். வனத்துறையைக் கேட்காமல் சைக்கிளில் போகிற பாதை இல்லை அது.

உலகப் புகழ் பெற்ற சுற்றுகளிலும் இதே வாதம்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் வைட் ரிம் சாலை, ஏறத்தாழ 160 கி.மீ. சுற்று. கிழக்கே ஷேஃபர் என்ற பாதை சுமார் 450 மீட்டர் இறங்குகிறது, மேற்கே மினரல் பாட்டம் அதைவிடச் சிறியது. வலச்சுற்றில் பெரியதை இறங்கிச் சிறியதை ஏறலாம். ஆனால் அந்தச் சிறிய ஏற்றம் சுற்றின் கடைசிப் பக்கத்தில், கால் ஓய்ந்த பிறகு வரும். எண்ணில் சிறியது காலுக்கும் சிறியதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆள் வந்தால் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தின் விதி அது. ஏறும்போது நின்றுவிட்டால் மறுபடி பெடலைப் பிடித்துக் கிளம்புவது கஷ்டம் என்பது ஓட்டியவர் எல்லோருக்கும் தெரியும். ஒருவழிப் பாதை என்று பலகை வைத்திருந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் வேண்டாம், பலகை சொல்கிற பக்கம் போங்கள்.

படி 8: முடிவெடுப்பது

துண்டுகளை எழுதிய தாளை எடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எந்தச் சுற்று நல்லது என்று குறியிடுங்கள். குறிகளைக் கூட்டிப் பார்த்து ஜெயித்ததைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் ஆபத்தானவற்றை மட்டும் பிரியுங்கள்: வலத்திருப்பம், கண்ணில் வெயில், உங்களால் இறங்க முடியாத இறக்கம். இவற்றில் ஒன்று ஒரு திசையை வேண்டாம் என்று சொன்னால், கிளம்பும் நேரத்தை மாற்றி அதைச் சரி செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தத் திசை அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகுதான் காற்று, சேறு, டீக்கடை எல்லாம் வாக்குப் போடலாம்.

ஏற்கெனவே வைத்திருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பை (பாதையின் ஜிபிஎஸ் தடம்) திருப்பிப் போட்டு ஓட்டுவதாக இருந்தால் இரண்டு விஷயங்களில் கவனம். நடுவில் மீடியன் உள்ள சாலையில் பழைய தடம் எதிர்ப்பக்கச் சாலையில் இருக்கும். அப்படியே பின்தொடர்ந்தால் எதிர்த்திசையில் ஓட்ட வேண்டியிருக்கும், யூ-டர்ன் இடங்களும் மாறும். மண்பாதையில் ஒரு பக்கமிருந்து வந்து சேர்கிற இடம், மறுபக்கமிருந்து வரும்போது இரண்டாகப் பிரிகிற இடமாகிவிடும். நன்றாகத் தெரிந்த பாதை என்று நினைத்துத் தவறான கிளையில் நுழைவது இங்கேதான். அந்த இடங்களை முன்பே வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

குழுவாகப் போனால் "நாளைக்கு இடச்சுற்று" என்று மட்டும் செய்தி போடாதீர்கள். முதல் இரண்டு ஊர்ப் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்: "தையூர் வழியாகத் திருப்போரூர், பிறகு நெம்மேலி." பத்து நிமிடம் பிந்தி வருகிறவர் எதிர்ப்பக்கமாகக் கிளம்பிவிட்டால், உங்களைப் பிடிக்க அவர் பாடுபடுகிற ஒவ்வொரு நிமிடமும் பாதையின் எதிர் முனையில் செலவாகும். டியூபும் பம்பும் அவர் பையில்தான் இருக்கும்.